பத்துக்குப் பத்தும் வீடுதான்!

உழைத்துப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களே, தோழர்களே!

ஒக்கலிபுரத்திலும் அதை அடுத்த ஸ்ரீராமபுரத்திலும் நம்மவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு எல்லோருக்கும் தெரிந்த ஓர் அளவு உண்டு. அதுதான் பத்துக்குப் பத்து. அதற்குள்தான் அடுப்பு, அதற்குள்தான் அரிசி டிரம், அதற்குள்தான் சாமி படம், பிள்ளைகளின் பள்ளிப் பை. இரவானால் கட்டிலுக்கு மேலே இருவர், கீழே இருவர், வாசற்படியில் ஒருவர். இந்தப் பத்துக்குப் பத்தைப் பற்றி நாட்டின் கட்டட விதி என்ன சொல்கிறது என்று, ஓட்டுக் கேட்டு வந்த யாராவது நமக்கு எடுத்துச் சொன்னதுண்டா? இல்லை. ஆகவே இந்த மாதத் தலையங்கத்தில் நாமே சொல்லிவிடுகிறோம்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பு என்று ஒரு பெரிய நூல் இருக்கிறது. ஒரே அறையுள்ள வீடானால் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, அகலம் 2.4 மீட்டராவது வேண்டும் என்று அது சொல்கிறது. நம் வீடு பத்தடிக்குப் பத்தடி, அதாவது 100 சதுரடி. மீட்டர் கணக்கில் 9.29. விதி கேட்கும் 9.5 என்பது ஏறத்தாழ 102¼ சதுரடி. ஆக, நாம் விதிக்குக் குறைவது இரண்டேகால் சதுரடி! ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. ஒரு மணைப்பலகை போடும் இடம். அந்த மணைப்பலகை அளவுக்காகத்தான் நம் வீடு ‘மனிதர் வசிக்கத் தகுதியற்றது’ என்று ஆகிவிடுகிறது.

ஆனால் அதே நூலில் இன்னொரு பக்கமும் உண்டு. குறைந்த வருமானமுள்ளோர் வீடுகளுக்கென்று தனியாக ஓர் இணைப்பு சேர்த்திருக்கிறார்கள். பின்னால் இன்னோர் அறை சேர்க்கக்கூடிய வீடானால், முதலில் கட்டும் அறை 9 சதுர மீட்டர் இருந்தால் போதும் என்கிறது அது. அந்த இரண்டாவது அறை 6.5 சதுர மீட்டர் இருந்தால் போதும். இரண்டும் சேர்ந்து 15.5 வர வேண்டும். சேரி இருந்த இடத்திலேயே வீடு கட்டித் தருவதானால் மனை 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுரடி, இருக்கலாம் என்றும் சொல்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறவனையும் அந்த இணைப்பு ஒப்புக்கொள்கிறது. முதலில் கட்டும் அறை பெரியதாக இருக்கட்டும் என்று மட்டும் கேட்கிறது. இந்தப் பக்கத்தின்படி பார்த்தால் நம் பத்துக்குப் பத்து, வளரும் வீட்டின் முதல் அறையாக விதிப்படியானது!

ஒரு பக்கத்தில் குற்றம், இன்னொரு பக்கத்தில் வீடு. அதிகாரி எந்தப் பக்கத்தைத் திறக்கிறார் என்பதில்தான் நம் தலையெழுத்து இருக்கிறது. இந்த நூல் ஒரு வழிகாட்டிதான். மாநில அரசும் உள்ளாட்சியும் தங்கள் விதியில் எடுத்துக்கொண்டால்தான் அதற்குச் சட்ட வலு. பெங்களூரில் பி.பி.எம்.பி. இருந்த இடத்தில் 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகள் வந்திருக்கின்றன. புதிய பலகைகள், புதிய ரப்பர் ஸ்டாம்புகள் வந்துவிட்டன. சின்ன வீட்டுக்கான அந்தப் பக்கத்தைத் திறந்து, இதுவே எங்கள் விதி என்று அறிவிக்கும்படி ஐந்து மாநகராட்சிகளையும் கேட்க வேண்டிய நேரம் இதுதான் என்பது நமது கருத்து.

சின்ன வீட்டைக் கட்டியது யார்?

சின்ன வீடு ஏதோ நாம் ஆசைப்பட்டுத் தேடிக்கொண்டது என்பதைப்போலச் சிலர் பேசுகிறார்கள். நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். கோலார் தங்கவயலுக்கு வடாற்காட்டிலிருந்து போன நம்மவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது மூங்கில் தட்டி வைத்த லைன் வீடு. இலங்கையின் மலையகத்துக்குப் போனவர்களுக்குத் தோட்டத்துரை கட்டிய லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து செத்தது அந்த ஓர் அறையில். அப்போதெல்லாம் காற்றோட்டம் போதவில்லை, அளவு குறைகிறது என்று எந்தத் துரையும் தன் லைன் வீட்டை இடித்ததில்லை. உழைப்பு வேண்டியிருந்தவரையில் அந்த அறை போதுமானதாக இருந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அந்த லைன்களிலிருந்து இன்றைக்கும் மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

முதலாளி கட்டினால் லைன். நாம் கட்டினால் ஆக்கிரமிப்பு. இந்தக் கணக்கை நாம் ஏற்க முடியாது.

விதி வேண்டாம் என்று சொல்லவில்லை

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கட்டட விதியே வேண்டாம், எப்படியும் கட்டிக்கொள்வோம் என்று நமது சங்கம் சொல்லவில்லை. விதி பிறந்த கதை நமக்குத் தெரியும். 1898இல் ஹுப்ளிப் பக்கத்திலிருந்து ரயில் வழியாகப் பிளேக் நோய் இந்த ஊருக்குள் வந்தது. நெருக்கமான பேட்டைத் தெருக்களில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி வேண்டும், கழிவை அள்ளப் பின்புறம் சந்து வேண்டும் என்ற ஞானம் அந்தப் பிணங்களின்மீதுதான் பிறந்தது. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அந்தக் காலத்தில் அந்த எண்ணத்தோடு விரிந்த பேட்டைகள். அங்கே குடியேறியவர்களுக்கு அகலத் தெரு கிடைத்தது. மில்லுக்கும் ஸ்டேஷனுக்கும் மூட்டை சுமந்தவர்களுக்கு மில் ஓரமும் தண்டவாள ஓரமும் கிடைத்தன. விதியின் நன்மை ஓரிடத்துக்கும் விதியின் தண்டனை இன்னோரிடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

உயிரைக் காக்கும் விதியை நாமே முன்னின்று காக்க வேண்டும். 2024 அக்டோபர் 22ஆம் தேதி ஹெண்ணூர் அருகே பாபுசாபாளையத்தில் கட்டிக்கொண்டிருந்த மாடிக் கட்டடம் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். அனுமதிக்கு மேலே மாடி ஏற்றியதும், பலமில்லாத தூணும் அவர்களைக் கொன்றன. செத்தவர்கள் நம்மைப்போல வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆகவே தூணைப் பற்றிய விதி நமக்கு வேண்டும். கரண்ட் வயரைப் பற்றிய விதி நமக்கு வேண்டும். ஜன்னலைப் பற்றிய விதி நம் பிள்ளைகளின் நெஞ்சுச் சளியைப் பற்றிய விதி, அதுவும் வேண்டும். பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே வர முடியாத சந்து நமக்கு வேண்டாம்.

அப்படியானால் நாம் எதை எதிர்க்கிறோம்? வீடு சிறியதாக இருப்பதையே குற்றமாக்கும் விதியை எதிர்க்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு நாற்பதுக்கு அறுபது மனை, 2,400 சதுரடி. நாலு பக்கமும் மூன்றடி விட்டுக் கட்டினால் அவருக்கு 1,836 சதுரடி மிஞ்சும். நூற்றுக்கு எழுபத்தாறு பங்கு. நம்மவருக்குப் பத்துக்கு இருபது, 200 சதுரடி. அதே மூன்றடியை நாலு பக்கமும் விட்டால் மிஞ்சுவது நாலடிக்குப் பதினாலடி, 56 சதுரடி. நூற்றுக்கு இருபத்தெட்டு. அது வீடாகுமா? பிணம் கிடத்தும் நீளம்தான் இருக்கும். சிறிய மனைக்கு ஓரம் குறைத்து விடலாம் என்று பெங்களூர் விதியில் சலுகை இருக்கிறது. ஆனால் பி.டி.ஏ. லேஅவுட்டில் ஏழைக்கென்று பிரிக்கும் மனையே இருபதுக்கு முப்பது, 600 சதுரடி. அதில் மூன்றில் ஒரு பங்கு மண்ணில் வாழ்கிறவனை மனதில் வைத்து ஓர் அத்தியாயம் எழுத வேண்டாமா? “ஓரம் விடலையே அம்மா” என்று அளக்க வந்தவர் கேட்டால், “ஓரம் விட்டா நாங்க எங்க சார் படுக்கிறது?” என்று நம் தாய்மார்கள் திருப்பிக் கேட்பது நியாயமான கேள்வி.

பெரியவர்களுக்கு விதி வளைந்த கதையும் உண்டு. ஏரிக்கும் ராஜகால்வாய்க்கும் எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று 2007இல் வந்த பெங்களூர் பெருந்திட்டம் அளவு வைத்தது. ஏரிக்கு அந்த அளவு 30 மீட்டர். 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 75 மீட்டராக உயர்த்தியது. பெரிய கட்டுமான நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம்வரை போயின. 2019 மார்ச் மாதம் அந்த உத்தரவு ரத்தாயிற்று. அது சரியா தவறா என்று இங்கே வாதிட நாம் வரவில்லை. வக்கீல் வைக்க வசதியுள்ளவனுக்கு மீட்டர் கணக்கு டில்லிவரை போய்ப் பேசப்படுகிறது. வசதியில்லாதவனுக்கு அந்தப் பேச்சு ஜே.சி.பி. வந்து நிற்கும் காலை நேரத்தில்தான் நடக்கிறது.

கடல் தாண்டியும் பார்ப்போம். அமெரிக்காவில் சின்ன வீடு என்பது இப்போது ஒரு நாகரிகம். கடன் வாங்கிப் பெரிய வீடு கட்டி அலுத்தவர்கள் 400 சதுரடிக்குள் வீடு கட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்காக அங்கே பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரி வீட்டு விதியில் 2018ஆம் ஆண்டு ஒரு தனி இணைப்பே சேர்த்தார்கள். பரணில் படுக்க எவ்வளவு உயரம், ஏணி எப்படி, ஜன்னல் எங்கே என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். அதற்கு முன்பே, 2015 பதிப்பில், வீட்டில் ஓர் அறையாவது 120 சதுரடி இருக்க வேண்டும் என்ற பழைய விதியை எடுத்துவிட்டார்கள். 70 சதுரடி அறை அங்கே சட்டப்படி அறை. மனமிருந்தால் விதியைச் சின்ன வீட்டுக்கு ஏற்ப எழுத முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அங்கே 400 சதுரடியில் நாலு பேர் இருந்தால் புதுமை என்று படம் எடுக்கிறார்கள். இங்கே 100 சதுரடியில் ஐந்து பேர் இருந்தால் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்.

சேரி என்றால் பாதுகாப்பு, வீடு என்றால் இடிப்பு

நம் மாநிலத்தில் இந்தச் சிக்கல் இன்னொரு முடிச்சாகவும் விழுந்திருக்கிறது. 1973ஆம் ஆண்டின் கர்நாடகச் சேரிப் பகுதிகள் சட்டத்தின்படி, ஓரிடத்தைச் சேரி என்று அரசு அறிவிக்க வேண்டுமானால், அது மனிதர் வாழத் தகுதியற்றது, நெரிசலானது, வெளிச்சமும் காற்றும் அற்றது என்று முதலில் எழுத வேண்டும். அப்படி அறிவித்தால்தான் ஸ்லம் போர்டு எட்டிப் பார்க்கும். குழாய், கழிப்பிடம், பின்னால் ஒருநாள் ஹக்குப் பத்திரம் என்ற பேச்சு வரும். அறிவிக்காவிட்டால் நாம் எந்தக் கணக்கிலும் இல்லை. இதன் பொருள் என்ன? இது வீடு என்று நாம் சொன்னால் கட்டட விதி இடிக்க வருகிறது. இது வீடே இல்லை, சேரி என்று ஒப்புக்கொண்டால்தான் பாதுகாப்பு வருகிறது. தன் வீட்டை வீடு என்று சொல்லும் உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் ஒரு தொழிலாளி அதில் குடியிருக்க வேண்டியிருக்கிறது.

கரண்ட் விஷயம் இதைவிட அவசரமானது. 2024 டிசம்பர் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. கட்டடம் விதிப்படி முடிந்தது என்று உள்ளாட்சி தரும் ஓ.சி. சான்று இல்லாமல் கரண்ட், தண்ணீர் இணைப்புத் தரக்கூடாது என்பது அதில் ஒன்று. அந்தத் தீர்ப்புக்கு இலக்கு விதியை மீறிய வியாபாரக் கட்டடங்கள். ஆனால் 2025இல் பெங்களூரில் புது மீட்டர் கேட்டுப் போன சின்ன வீட்டுக்காரர்களும் அந்த வலையில் விழுந்தார்கள். ஜனங்கள் கூச்சலிட்ட பிறகு, 1,200 சதுரடி மனைவரை தரைத்தளமும் இரண்டு மாடியும் உள்ள வீடுகளுக்கு ஓ.சி. தேவையில்லை என்று மாநில அரசு விலக்கு அளித்தது. இதை வரவேற்கிறோம். ஆனாலும் அந்த விலக்கு முப்பதுக்கு நாற்பது மனையைச் சொந்தமாக வைத்திருப்பவரை மனதில் வைத்தது. நிலத்துக்குத் தாளே இல்லாதவனுக்கு அது தாள் தருவதில்லை. கிருஹ ஜோதித் திட்டத்தில் 200 யூனிட்வரை இலவசம் என்று 2023 ஆகஸ்டிலிருந்து கிடைக்கிறது. அதற்கும் தனி மீட்டரும் ஆர்.ஆர். நம்பரும் வேண்டும். பக்கத்து வீட்டு மீட்டரில் ஒயர் இழுத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கொடுக்கிறவனுக்கு ஏது இலவசம்? ஏழைக்கென்று வந்த சலுகை, ஏழையிலும் ஏழையின் வாசலில் நின்று தாள் கேட்டுத் திரும்பிப் போகிறது.

எல்லாத் தாளும் இருந்தால்கூட என்ன நடக்கும் என்பதற்கு எஜிபுரா சாட்சி. கோரமங்களாவை ஒட்டி, ஏழைகளுக்கென்று மாநகராட்சியே கட்டிக்கொடுத்த குவார்ட்டர்ஸ் அது, 1,512 வீடுகள். நம் தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். அரசு இஞ்சினியர் போட்ட வரைபடம், அரசு போட்ட தூண். அப்படியிருந்தும் சில கட்டடங்கள் இடிந்து விழுந்தன. குடியிருந்தவர்களைத் தகரக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அந்த நிலத்தில் பாதியைத் தனியாரின் வணிக வளாகத்துக்கு விட்டு ஒப்பந்தம் போட்டார்கள். 2013 ஜனவரியில் போலீஸ் காவலோடு கொட்டகைகளையும் இடித்து, குடும்பங்களைத் தெருவில் நிறுத்தினார்கள். சில குடும்பங்களைச் சர்ஜாபூர் சாலைப் பக்கம் சூளிகுண்டேக்கு அனுப்பினார்கள். கோரமங்களாவில் வீட்டு வேலை செய்து பிழைத்த பெண் அங்கிருந்து எப்படிக் காலை ஆறு மணிக்கு வேலைக்கு வருவாள்? விதிப்படி கட்டிய வீட்டுக்கே கதி இது என்றால், நிலம் யாருடையது என்ற கேள்விதான் அளவைவிடப் பெரிய கேள்வி என்பது தெரிகிறது அல்லவா?

நீதிமன்றம் திறந்த கதவும் மூடிய கதவும்

நம்மவர் ஒருவரின் வழக்கு இந்த நாட்டின் சட்டப் புத்தகத்தையே மாற்றிய வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேலத்தில் மழை பொய்த்து, 1961இல் பம்பாய்க்குப் போன நிலமில்லாத கூலி ஒருவர், பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மனைவி மக்களோடு வாழ்ந்தார். அந்த இடத்துக்கே ஓர் அடாவடிக்காரனுக்கு 2,500 ரூபாய் அழுதிருந்தார். 1981 ஜூலையில் அதைப் பிய்த்தெறிந்து, குடும்பத்தையே சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். ஊரில் வேலையில்லை, அவர் மறுபடியும் பம்பாய்க்கே வந்தார். அவரைப் போன்றவர்களும் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் தொடுத்த வழக்குகளில் 1985 ஜூலை 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர் வாழும் உரிமை என்றால் பிழைப்புக்கான உரிமையும் அதில் அடங்கும் என்று அது சொன்னது. வீட்டைப் பறித்தால் பிழைப்பையும் பறித்ததாகும் என்பதை ஏற்றது. ஆனால் அதே தீர்ப்பு, நோட்டீஸ் கொடுத்து, மழைக்காலம் கழிந்த பிறகு அப்புறப்படுத்தலாம் என்றும் விட்டுவிட்டது. பாதிக் கதவுதான் திறந்தது.

2024 நவம்பர் 13ஆம் தேதி, புல்டோசர் இடிப்புகளைக் கண்டித்து உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பளித்தது. 15 நாள் நோட்டீஸ் இல்லாமல், விசாரணை இல்லாமல், எந்தக் கட்டடத்தையும் இடிக்கக்கூடாது என்றது. படித்து மகிழ்ந்தோம். ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். தெரு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆற்றோரம் ஆகிய இடங்களில் அனுமதியின்றி உள்ளவற்றுக்கு இந்தப் பாதுகாப்புப் பொருந்தாது என்று விலக்கு வைத்திருக்கிறது. ரயில் பாதை ஓரம்! ஒக்கலிபுரத்து வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் நமது சங்கத்தில் பலர். ஆகவே இதை மனச்சாட்சியோடு சொல்ல வேண்டும். தண்டவாளத்தை ஒட்டிப் பிள்ளைகள் விளையாடுவது ஆபத்து. பாதுகாப்பு இடைவெளி வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லி, பாதையிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டையும் சேர்த்துக் கூட்டித் தள்ளுவது வேறு விஷயம். நிலம் மத்திய அரசினுடையது என்பதால் மாநில ஸ்லம் போர்டு கையை விரிக்கிறது. வீடு தருவது மாநிலத்தின் வேலை என்று ரயில்வே கையை விரிக்கிறது. இரண்டு விரித்த கைகளுக்கு நடுவே நாம் நிற்கிறோம். உத்தராகண்டத்தின் ஹல்த்வானியில் ரயில்வே நிலத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தும் உயர்நீதிமன்ற உத்தரவை 2023 ஜனவரி 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலையில், ரயில்வேயும் மத்திய, மாநில அரசுகளும் கூடி உட்கார்ந்து மறுவாழ்வுக்கு வழி சொல்லுங்கள் என்றது. ஹல்த்வானிக்கு அந்த வழி உண்டென்றால் ஒக்கலிபுரத்துக்கு ஏன் இல்லை?

மற்ற மாநிலங்கள் செய்ததைப் பாருங்கள். மத்தியப் பிரதேசம் 1984லேயே நகரத்து நிலமற்றவர்களுக்கு, அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே பட்டா தரச் சட்டம் போட்டது. ஒடிசா 2017இல் சேரிவாசிகளின் நில உரிமைக்கென்று சட்டம் இயற்றியது. ஏழைக் குடும்பத்துக்கு 30 சதுர மீட்டர், சுமார் 320 சதுரடி, இலவசம். அந்த உரிமை பிள்ளைகளுக்குச் சேரும். வங்கியில் அடமானம் வைக்கலாம். ஆனால் விற்க முடியாது. விற்க முடியாது என்ற அந்த ஒரு வரியே, காசுக்காரன் வந்து மொத்தமாக வளைத்துப் போடுவதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுரடி மனைக்குள் 3,500 சதுரடிவரை வீடு கட்டுகிறவர், தாமே சான்றளித்து இணையத்தில் உடனே அனுமதி பெறலாம். இவற்றில் எதுவும் குறையற்றதில்லை. ஆனாலும் சின்னவனை மனதில் வைத்துச் சட்டம் எழுத முடியும் என்பதை எல்லாம் காட்டுகின்றன.

நமது கோரிக்கைகள்

ஒன்று: தேசியக் கட்டட விதித்தொகுப்பில் குறைந்த வருமானத்தாருக்கென உள்ள அளவுகளை, 9 சதுர மீட்டர் முதல் அறை, இருக்கும் இடத்தில் 25 சதுர மீட்டர் மனை என்பவற்றை, பெங்களூரின் ஐந்து மாநகராட்சிகளும் தங்கள் விதியாக அறிவிக்க வேண்டும். அதைக் கன்னடத்தோடு தமிழ், உருது, தெலுங்கிலும் அச்சிட்டு வார்டு ஆபீசில் ஒட்ட வேண்டும்.

இரண்டு: முதலில் நிலத்தாள், பிறகு விதி. அறிவித்த சேரி, அறிவிக்காத சேரி என்ற பாகுபாடின்றி வீடு வீடாக அளந்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் ஹக்குப் பத்திரம் தர வேண்டும். வாரிசுக்குச் சேரும்படியும், வங்கிக் கடன் கிடைக்கும்படியும், வெளியாள் வாங்க முடியாதபடியும் அது இருக்க வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் பெயரும் அந்தக் கணக்கெடுப்பில் ஏற வேண்டும். சொந்தக்காரருக்குப் பத்திரம் கிடைத்த மறுநாள் வாடகைக் குடும்பம் தெருவுக்கு வரக்கூடாது.

மூன்று: ஓரம் விட்டாயா என்று நம்மைக் கேட்குமுன், சாக்கடை கட்டினாயா, குழாய் போட்டாயா, சந்துக்கு விளக்கு வைத்தாயா என்று மாநகராட்சியைக் கேட்கும் விதி வேண்டும். தான் செய்ய வேண்டியதைச் செய்யாத அமைப்பு, செய்ய முடியாதவனைத் தண்டிக்கக்கூடாது.

நான்கு: ஓ.சி. இல்லை, பத்திரம் இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குடியிருப்புக்கும் கரண்டும் குடிதண்ணீரும் மறுக்கக்கூடாது. தனி மீட்டர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டும்.

ஐந்து: ரயில்வே நிலத்தில் ரயில்வேயும் ஸ்லம் போர்டும் சேர்ந்து அளக்க வேண்டும். உண்மையிலேயே ஆபத்தான வரிசையில் இருப்பவர்களுக்கு, பிழைப்பும் பள்ளியும் அறுந்துபோகாத தூரத்தில் மாற்று வீடு கட்டி, சாவியைக் கையில் கொடுத்த பிறகே அவர்களை நகரச் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைப்பவனுக்குக் கடமையும் உண்டு. இந்த மாதமே ஒவ்வொரு சந்திலும் நாலு பேர் சேர்ந்து, டேப் வைத்து வீடுகளை அளந்து, ஒரு பெரிய தாளில் சந்தின் வரைபடம் போடுங்கள். நீளம், அகலம், உயரம், எத்தனை பேர், எந்த வருஷத்திலிருந்து, தண்ணீர் எங்கே, கழிப்பிடம் எங்கே என்று எழுதுங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளே இதைச் செய்துவிடலாம். அதிகாரி அளந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். நம் வீட்டின் அளவு நம் கையில் இருக்கட்டும். ரேஷன் கார்டு, பழைய கரண்ட் பில், பள்ளிச் சான்று, வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் குடிசைகள் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பத்திரம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் புரோக்கரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஷீட் கூரை வீட்டுச் சுவரின்மேல், தூண் இல்லாமல், வாடகை ஆசைக்கு மாடி ஏற்றாதீர்கள். சந்தை இன்னும் அரையடி குறுக்கிப் படி கட்டாதீர்கள். அந்த அரையடி நாளை உங்கள் வீட்டு நோயாளிக்கே தேவைப்படும். மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். இங்கே பிறந்து இங்கே படித்த நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் கன்னடம் எழுதுவார்கள். நம் சந்துகளில் கன்னடக் கூலியும், தெலுங்குக் கூலியும், உருது பேசும் கூலியும் அதே பத்துக்குப் பத்தில்தான் படுக்கிறார்கள். ஜே.சி.பி. எந்த வீட்டிலும் பாஷை கேட்டுவிட்டு இடிப்பதில்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டு போகாத எந்த ஊர்வலமும் விதான சௌதாவரை போய்ச் சேராது.

தோழர்களே! இந்த ஊரின் மூட்டையைச் சுமந்தவர்கள் நாம். இந்த ஊரின் மாடிகளைக் கட்டியவர்கள், தெருக்களைக் கூட்டியவர்கள், பாத்திரங்களைக் கழுவியவர்கள் நாம். பத்தாயிரம் சதுரடி மாளிகைக்கு ஜல்லி சுமந்தவனுக்கு நூறு சதுரடி சட்டப்படி இல்லையென்றால் அந்தச் சட்டத்தில்தான் குறை. இரண்டேகால் சதுரடிக்காக நம்மை மனிதர் கணக்கிலிருந்து நீக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அளவு எழுதிய வரைபடத்தோடு வார்டு ஆபீஸுக்குப் போவோம். நமக்கான பக்கத்தைத் திறக்கச் சொல்வோம். திறக்கும்வரை நகரமாட்டோம்!